ஆடியது பன்னிரண்டு, சமன் ஒன்று

ஏப்ரல் 15

இன்று தொடங்கி அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் குடும்பம் நடத்துவதற்காக அரசாங்கம் கொடுத்திருக்கும் விடுமுறை. கடலூர்த் துறைமுகத்தில் படகுகளையெல்லாம் கரையேற்றிவிட்டார்கள். மீனவர்களுக்கு ஓய்வு. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. படகுக்கு வர்ணம் அடித்துப் பெயரும் பதிவு எண்ணும் எழுதுகிறவன் நான். வங்கக் கடலில் மிதக்கும் எழுத்தில் பாதி என் கையெழுத்து. மீதிப் பாதியைப் பார்த்து மீன்கள் சிரிப்பதாகக் கேள்வி.

தொழிலில் எனக்கு ஒரே சட்டம்தான். பெயரில் பொய் இருக்கலாம். நடக்கவே யோசிக்கும் ஒரு படகுக்குக் ‘கடல் புயல்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் எண்ணில் ஓர் இலக்கம் பிசகக் கூடாது. நடுக்கடலில் ரோந்துப் படகு வந்தால் பெயரைப் பார்த்து வணக்கம் சொல்லாது, எண்ணைத்தான் படிக்கும்.

இந்த டைரியைக் கொடுத்தவர் அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியை ரெஜினா மிஸ். “உங்க வாய்க்கு ஒரு வடிகால் வேணும் உத்தண்டி அண்ணே. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி இதுல சொல்லிப் பாருங்க” என்றார். என் புகழ் டைரிக் கம்பெனி வரைக்கும் எட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 23

தேவலோகத்திலிருந்து போன். அதாவது பயிற்சி முகாமிலிருந்து.

“மாமா, லிஸ்ட்ல என் பேரு இருக்குது.”

என் அக்கா மகள் பூங்காவனம். பதினாறு வயது. கோல்கீப்பர். இந்திய இளையோர் மகளிர் கால்பந்து அணியோடு ஆசியப் போட்டிக்குப் போகிறாள்.

“எத்தனாவது பேரு?”

“இருபத்து மூணு பேர்ல இருபத்து மூணாவது. கீப்பர் மூணு பேரு. சலோமிதான் ஆடுவா, ஜார்க்கண்ட் பொண்ணு. நான் பெஞ்சு.”

பெஞ்சு என்றால் என்ன, அரியணையும் ஒரு பெஞ்சுதான். செய்தியோடு புறப்பட்டேன். டீக்கடையில் சொன்னபோது அவள் முதல் கீப்பராக இருந்தாள். ஐஸ் ஃபேக்டரி வாசலில் கேப்டனாகிவிட்டாள். மீன் ஏலக்கூடம் போய்ச் சேர்ந்தபோது, ‘நீ வராவிட்டால் நாங்கள் போட்டிக்கே வரவில்லை’ என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இதில் என் குற்றம் ஒன்றுமில்லை. நடந்துகொண்டே சொன்னால் செய்தி வளரத்தான் செய்யும்.

அவளுடைய அப்பா கன்னியப்பன், என் அக்கா புருஷன், வலை சரிபார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். “இவன் விடிஞ்சுடுச்சுன்னு சொன்னாக்கூட வெளியில போய்ப் பாத்துட்டுத்தான் பல்லு விளக்கணும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ஏப்ரல் 25

குடும்ப மாநாடு. அக்கா வீட்டுக் கூடத்தில். அக்கா தனபாக்கியம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

கன்னியப்பன் சொன்னது இது: “ரெண்டு வருஷமா முகாம் முகாம்னு போவுது. பள்ளிக்கூடம் பாதி நாள் இல்ல. போவட்டும், நான் தடுக்கல. ஆனா இந்தத் தடவ இந்தியாவுக்காக ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டு வரட்டும். ஆடினா, படகுல அவ பேர எழுது மச்சான், நானே ஏணிய புடிக்கிறேன். ஆடலன்னா இதோட போதும். பதினொண்ணாங்கிளாஸ ஒழுங்கா படிக்கட்டும்.”

“பெஞ்சுல உக்காந்தாலும் இந்தியாதான மாமா?” என்றேன்.

“பெஞ்சுல உக்கார எங்க ஊட்லயே பெஞ்சு இருக்குது.”

மனிதர் கெட்டவரில்லை. முன்பு ஒருமுறை ஏமாந்தவர். ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க, திங்கள் புதன் வெள்ளி, பூங்காவனம் தட்டச்சு வகுப்புக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவள் போனது மைதானத்துக்கு. படகுத்துறை விளக்கு எரியவில்லை என்று மீன்துறைக்கு ஒரு மனு தட்டச்சு செய்து தரச் சொன்ன அன்றுதான் குட்டு உடைந்தது. ஒற்றை விரலால் ‘ஐயா’ என்ற சொல்லை அடிக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

அந்தக் குழந்தைக்கு அப்படியொரு பொய்யைச் சொல்லிக்கொடுத்த பாதகன் யார் என்று வரலாறு இன்னும் முடிவு செய்யவில்லை.

மே 3

என் வர்ணக் கொட்டகைச் சுவரில் வெள்ளையடித்து, இந்தப் போட்டியில் இந்திய இளையோர் மகளிர் அணியின் முழு வரலாற்றையும் எழுதிவிட்டேன். புள்ளிவிவரம் ரெஜினா மிஸ் உபயம். இதற்குமுன் மூன்று முறை போயிருக்கிறார்கள்.

ஆடியது 9. வென்றது 0. சமன் 0. தோற்றது 9. போட்ட கோல் 2. வாங்கிய கோல் 41.

ஒவ்வொரு எண்ணும் முக்கால் அடி உயரம். சமன் கட்டத்துக்குள் இருக்கும் பூஜ்யத்துக்கு நிழல் வைத்து, உள்ளே நீலம் அடித்திருக்கிறேன். ஆசியாவிலேயே அழகான பூஜ்யம் இதுதான்.

டீக்கடையிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, “என்னாப்பா, நீ எழுதியும் நாம ஜெயிக்கலியே?” என்று கேட்டார். எண்ணில் நான் பொய் எழுதமாட்டேன் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மே 9

மூன்று படகு முடித்தேன். முதுகு என்னுடையது இல்லை, யாருடையதோ.

மே 19

கன்னியப்பன் படகு. உடம்புக்குப் பச்சை, விளிம்புக்கு மஞ்சள். மூக்கில் ‘அங்காளம்மன் துணை’ அப்படியே இருக்கிறது, அதைத் தொடும் தைரியம் எனக்குக் கிடையாது. அதன் கீழே ‘கடல் சக்கரவர்த்தி’. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் ‘கடல் ராஜா’ போதும் என்றார். ராஜா வரிசையில் ஏற்கெனவே நாலு படகு நிற்கிறதே என்று நான்தான் பதவி உயர்வு கொடுத்தேன். அதைச் சுரண்டியெடுத்துவிட்டுப் பச்சை பூசினேன். பெயர் இருந்த இடம் இப்போது காலி.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் காலி இடத்தில் சாக்பீஸால் மெல்லிய கோட்டில் ‘பூங்காவனம்’ என்று வரைந்து வைத்தேன். அளவு சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான்.

சரியாக வருகிறது.

மே 29

முதல் மேட்ச். எதிரணி நாட்டின் பெயரை எழுதினால் இரு நாட்டு உறவு கெடும் என்பதால் குளிர் நாடு என்று வைத்துக்கொள்வோம். குளிர் நாட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியும் நம் துறைமுக விளக்குக்கம்பம் உயரம். ரெஜினா மிஸ்ஸின் செல்போனில் டீக்கடையே கூடிப் பார்த்தது. 0–5. சலோமி பத்து கோலைத் தடுத்திருப்பாள், அதையும் சேர்த்தால் பதினைந்து. பாவம், நல்ல பெண்.

இடைவேளையில் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு பூங்காவனம் ஓடியது ஒன்பது வினாடி தெரிந்தது. கன்னியப்பனும் பார்த்தார். “பாட்டில நல்லாத்தான் தூக்குது” என்றார்.

சாயங்காலம் ஏணி போட்டு ஏறி எண்களை மாற்றினேன். ஆடியது 10. தோற்றது 10. வாங்கியது 46.

ஜூன் 1

தீவு நாடு. 1–3. ஒரு கோல் போட்டுவிட்டோம்! டீக்கடைக்காரர் உணர்ச்சிவசப்பட்டு பாலைப் பொங்கவிட்டார். பூங்காவனம் பெஞ்சில். மிச்சம் ஒரே மேட்ச்.

அக்கா கேட்டாள்: “ஏன்டா, அந்தப் பொண்ணு சலோமிக்குச் சும்மா ஒரு சளி, காய்ச்சல்னு வராதா?” உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பாவம், அதுவும் ஒரு தாய் பெத்த புள்ள. வேணாம்.”

ஜூன் 4

எழுதுகோலே, நடுங்காதே.

மூன்றாவது மேட்ச், மலை நாட்டோடு. அங்கே இடி மின்னல், ஒளிபரப்பு ரத்து. டீக்கடை மொத்தமும் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு ஒவ்வொருத்தராக எழுந்து போய்விட்டார்கள். அங்கே பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் அரைமணி நேரம்தான் கொடுப்பார்கள். ஆறரைக்கு என் போன் அடித்தது. எடுத்தால் அழுகை.

“என்னா ஆச்சுடா? அடியா?”

“ஆடிட்டேன் மாமா.”

மேட்சுக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கும்போது சலோமியின் விரல் முறிந்துவிட்டதாம். கோச் திரும்பிப் பார்த்து இவளைக் கூப்பிட்டாராம். தொண்ணூறு நிமிடமும் ஆடியிருக்கிறாள். 1–1. எழுபத்தெட்டாவது நிமிடம் பெனால்டி. இடது பக்கம் பாய்ந்து தடுத்திருக்கிறாள். சமன்! இந்தப் போட்டியில் நம் அணிக்கு முதல் முதலாக ஒரு புள்ளி!

துறைமுகம் முழுக்க ஓடினேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய தேவையே இல்லாத செய்தி என் வாழ்க்கையில் இதுதான் முதல். ஐஸ் ஃபேக்டரியில் சிரித்தார்கள். ஏலக்கூடத்தில், “ஒரு பெனால்டிதானா? கொஞ்சம் சேத்துப் போட்டுக் குடு” என்றார்கள்.

ஏணியில் ஏறி என் அழகான நீல பூஜ்யத்தை அழித்தேன். சமன் 1. வாங்கியது 50. அரை சதம்!

ஜூன் 5

பேரிடி.

போட்டி நடத்துகிறவர்களின் இணையப் பக்கத்தில் மேட்ச் விவரம் வந்துவிட்டது. 1–1 சரி. எழுபத்தெட்டாவது நிமிடம் பெனால்டி தடுக்கப்பட்டது, சரி. கோல்கீப்பர்: சலோமி.

ரெஜினா மிஸ் காரணம் சொன்னார். விரல் முறிவதற்கு முன்பே ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுத்திருப்பார்கள். மைதானத்தில் பெயரை மாற்றியிருப்பார்கள். பக்கத்தில் ஏற்றுகிறவர் பழைய தாளைப் பார்த்து ஏற்றியிருப்பார்.

கன்னியப்பன் அந்தப் பக்கத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். சாயங்காலம் பூங்காவனம் அவரிடமே பேசினாள். எனக்கும் கேட்டது. “நான்தான்பா ஆடினேன். சத்தியமாப்பா.”

“தட்டச்சு வகுப்புக்கும் சத்தியம் பண்ணியேம்மா” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, “பொய் சொன்னது அவ. கத்துக்குடுத்தது நீ. இப்ப நெசம் சொன்னாலும் எனக்கு ரெண்டு குரலும் ஒண்ணாத்தான் கேக்குது. காயிதத்துல இருந்தா சொல்லு மச்சான்” என்றார்.

வரலாறு முடிவு செய்துவிட்டது. பாதகன் நான்தான். அன்றைக்கு அது ஒரு குறும்பு. ஒரு பெண் பந்தாடுவதற்கு வேறு வழி தெரியவில்லை. நல்ல பொய்யாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அதன் நிழல் இத்தனை தூரம் வந்து அவளுடைய ஒரே உண்மையின் மேல் விழும் என்று எனக்குத் தெரியாது.

ஈரத்துணி எடுத்துப்போய்ப் படகிலிருந்த சாக்பீஸ் கோட்டைத் துடைத்தேன்.

ஜூன் 6

போட்டி அலுவலகத்துக்குக் கடிதம். ஏழு பக்கம். ‘ஆசியக் கண்டத்தின் கால்பந்தைக் கட்டிக்காக்கும் பெருந்தகையீர்’ என்று தொடங்கி, பெனால்டியை அவள் புலிபோலப் பாய்ந்து தடுத்ததையும், மின்னல் அதைக் கண்டு வெட்கி வானத்துக்குத் திரும்பியதையும் விளக்கி, இந்தப் பிழை திருத்தப்படாவிட்டால் வங்கக் கடல் பொங்கும் என்று முடித்தேன். ரெஜினா மிஸ் பெருமூச்சு விட்டபடி ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினார்.

ஜூன் 8

பதில் இல்லை. கடலும் பொங்கவில்லை.

அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “படகுக்கு நம்பர் எழுதறப்போ புலி மின்னல்லாம் போடுவியா?”

“நம்பருக்கு எதுக்கு அது?”

“அப்ப இதுக்கு மட்டும் எதுக்குடா?”

தட்டை நகர்த்திவைத்தேன். எழுந்து போய் மூன்று வரி எழுதினேன். ‘ஜூன் 4, மூன்றாவது ஆட்டம். கோல்கீப்பராக ஆடியவர் எண் 23, பூங்காவனம் கன்னியப்பன். எண் 1 சலோமி ஆடவில்லை. மைதானத் தாளைப் பார்த்துத் திருத்தவும்.’ ஒரு பெயரடைகூட இல்லை. எழுதி முடித்ததும் சட்டை இல்லாமல் தெருவில் நிற்பது போலிருந்தது. ரெஜினா மிஸ் படித்துவிட்டு, “நீங்களா எழுதினீங்க?” என்று இரண்டு முறை கேட்டார்.

ஜூன் 10

பூங்காவனம் வந்துவிட்டாள். ரயில் நிலையத்துக்கு யானையும் நாதஸ்வரமும் ஏற்பாடு செய்ய நினைத்திருந்தேன். நானும் என் மொபெட்டும் போனோம்.

இளைத்திருக்கிறாள். இடது முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. அப்பாவைப் பார்த்ததும், “என்னப்பா, வலைல்லாம் ரெடியா?” என்றாள். “ரெடிம்மா, சாப்பிடு” என்றார். அக்கா வஞ்சிரம் வறுத்தாள். நான்கு பேரும் மீனை மட்டும் பார்த்துச் சாப்பிட்டோம்.

ஜூன் 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. கரையேறிய படகுகள் நடுவே நான் ஒரு பதிவு எண்ணுக்குக் கறுப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். பூங்காவனம் அப்பாவுக்கு டீ கொண்டுவந்தாள். கன்னியப்பன் டீயைக் குடித்தார். குவளையை வைத்தார். “அந்தப் பந்து எங்க?” என்றார்.

“ஊட்ல.”

“எடுத்தா.”

அவர் படகுக்கும் பக்கத்துப் படகுக்கும் இடையே அவளை நிற்கவைத்தார். நான் டேப் போட்டு அளந்தேன். இருபத்து மூன்றே முக்கால் அடி. நிஜக் கோலின் அகலத்துக்குக் கால் அடிதான் குறைவு. பன்னிரண்டு தப்படி தள்ளிப் பந்தை வைத்தார். ஐம்பத்தொரு வயது, வெறுங்கால், மடித்துக் கட்டிய லுங்கி. வலை இழுத்து இழுத்துத் தேக்குமரமான கால். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

முதல் உதை படகின் மேல் பட்டது. என் மஞ்சள் வர்ணம் போயிற்று. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவதைப் பிடித்துவிட்டாள். நான்காவதையும். ஐந்தாவது அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்து இடப்பக்கம் உதைத்தார். அதையும் பிடித்தாள்.

“எப்புடி?”

“நிக்கிற கால பாத்தேன்பா.”

“என்னா?”

“உதைக்கிற கால் பொய் சொல்லும்பா. இங்க பாக்கும், அங்க போவும். நிக்கிற கால் பொய் சொல்லாது. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்குதோ, பந்து அந்தப் பக்கம்தான் வரும். அன்னிக்கும் அதத்தான் பாத்தேன். அந்தப் பொண்ணு கண்ணு வலப்பக்கம் இருந்துச்சு, நிக்கிற கால் கட்டவிரல் இடப்பக்கம் இருந்துச்சு. மழைல புல்லுல அது அழுந்தினதுகூடத் தெரிஞ்சுது.”

கன்னியப்பன் கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆறு முறை உதைத்தார். மொத்தம் பதினொன்று. படகில் பட்டது மூன்று, உள்ளே போனது மூன்று, அவள் பிடித்தது ஐந்து. எண்ணியவன் நான்.

மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்தார். மகளின் முழங்கையை இழுத்து அந்தச் சிராய்ப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

“இடப்பக்கம் வுழுந்தியா?”

“ஆமாம்பா.”

“வலிச்சுதா?”

“அப்ப வலிக்கல.”

என் பக்கம் திரும்பினார். “டேய் உத்தண்டி. நீ உதைக்கிற காலு. அவ நிக்கிற காலு. இத்தன நாளா நான் தப்பான கால பாத்துட்டு இருந்துட்டேன்.” தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று அவர் சொன்னார், நான் மறுக்கவில்லை. “ஏணிய எடு.”

ஜூன் 13

இணையப் பக்கம் திருத்தப்பட்டுவிட்டது. எண் 23, பூங்காவனம் கன்னியப்பன். வருந்துகிறோம் என்று ஒரு வரிப் பதிலும் வந்தது. போய்க் கன்னியப்பனிடம் காட்டினேன்.

“இது எதுக்கு இப்ப?” என்றார். பிறகு ரெஜினா மிஸ்ஸிடம் சொல்லி நாலு நகல் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 14

பெயர் எழுதினேன். வெள்ளை எழுத்து, சிவப்பு விளிம்பு, ஓரத்தில் நிழல். சொன்னபடி அவரே ஏணியைப் பிடித்தார். ‘ஆசிய வீராங்கனை’ என்று முன்னால் சேர்க்கட்டுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ‘பூங்காவனம்’, அவ்வளவுதான்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள், “‘கா’வோட கால் கொஞ்சம் சாஞ்சிருக்குது மாமா” என்றாள். இறங்கிப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. திருத்தினேன்.

அடுத்த முகாம் ஜூலை 3. அதுவரை தட்டச்சு வகுப்புக்குப் போகிறாள். இந்த முறை வகுப்பு இருப்பதை நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படகுத்துறை விளக்கு இன்னும் எரியவில்லை. அந்த மனுவை எழுதியாக வேண்டும்.

ஜூன் 15

விடியற்காலை. துறைமுகம் முழுக்க எஞ்சின் சத்தம். அக்கா தேங்காய் உடைத்தாள். பூங்காவனம் படகு முனையில் பூ வைத்தாள். பக்கத்துப் படகுக்காரர்கள் புதுப் பெயரைப் பார்த்து, “என்னா கன்னியப்பா, பொண்ணு பேரா?” என்று கேட்க, அவர் சுக்கான் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“பின்ன? மலை நாட்டுக்காரி ஒவ்வொருத்தியும் பனமரம் மாதிரி. இடியும் மின்னலும் வெட்டுது. மூணு பெனால்டி! மூணையும் புடிச்சிட்டா எம்பொண்ணு. ஒண்ணு கையில, ஒண்ணு கால்ல, ஒண்ணு பல்லுல…”

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“ஒண்ணு மாமா. ஒரே ஒரு பெனால்டி. எழுபத்தெட்டாவது நிமிஷம். இடது பக்கம்.”

யாரோ, “உத்தண்டிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?” என்று கேட்டார்கள். பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கன்னியப்பன் என்னை முறைத்தார். “நாளெல்லாம் பொய் சொல்லுவான். நான் ஒரு நாள் சொன்னா மட்டும் பொறுக்காது இவனுக்கு” என்று கயிற்றை அவிழ்த்தார்.

படகு முகத்துவாரம் தாண்டியது. தூரம் போகப்போக எண் முதலில் மங்கியது, பெயர் மட்டும் அடிவானம் வரை சுடர்விட்டது என்று எழுத ஆசை.

இரண்டும் ஒன்றாகத்தான் மறைந்தன.